அவள் போடாத கையெழுத்து
(அத்தியாயம் 11)

வரிக்கணக்குக்குக் கடைசி நாளான ஏப்ரல் பதினைந்து வந்தே விட்டது. வராமல் எங்கே போகும்? ஈரி நகரத்தில் பெர்னடீன் பாவ்லக் ஒருத்திதான், இந்த வருஷம் அது வழி தவறிப் போய்விடும் என்று நம்பியவள் மாதிரி ஜனவரியிலிருந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவளைச் சமையலறையில் விட்டிருந்தோம். மேடைமேல் இருக்கும் தகர ரொட்டிப் பெட்டியின் மூடியில் கையை வைத்துக்கொண்டு, திறக்கவும் மனமில்லாமல் நகரவும் மனமில்லாமல் நின்றிருந்தாள். அந்தப் பெட்டியில் ரொட்டி இருந்து பதினான்கு மாதம் ஆகிறது. கணவன் வெண்டல் வீட்டைவிட்டுப் போன பிப்ரவரியிலிருந்து, பிரிக்கத் தைரியம் இல்லாத தபால் எல்லாம் அதற்குள்தான் போய் விழுகிறது.

அதில் ஒரே ஒரு கடிதத்தைத்தான் அவள் பிரித்தாள். அதுவும் ஏன் பிரித்தோம் என்று ஆகிவிட்டது. பல் வைத்தியரின் அலுவலகத்திலிருந்து அக்டோபரில் வந்தது. எங்கள் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், உங்கள் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் திருடு போயிருக்கலாம், வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. எவனோ ஒருவன் அவள் எண்ணைப் போட்டு அவளுக்கு முன்னால் வரிக்கணக்கைத் தாக்கல் செய்து, திரும்பி வரும் பணத்தை வாரிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு ஒரு முகம்கூட வைத்திருந்தாள். ஒட்டிய கன்னம், தலையை மூடிய சட்டை, எங்கோ ஓர் இருட்டு அறை.

இந்த பயம் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? திருடனுக்கு முன்னால் தாங்கள் முந்திக்கொள்வார்கள். டி.வி.யில் அதைத்தான் கரடியாகக் கத்தினார்கள். பெர்னடீன் என்ன செய்தாள்? தாக்கல் செய்தால்தானே திருடு போனது தெரியும், செய்யாவிட்டால் தெரியாதல்லவா என்று பெட்டியை மூடி வைத்தாள். நல்ல மூளை!

"அம்மா, இன்னிக்கு என்ன தேதி தெரியுமா?"

மகள் கோரின் குளிர்பெட்டிக் கதவில் ஓர் அட்டையை ஒட்டிக்கொண்டே கேட்டாள். வயது பதினெட்டு. செப்டம்பரில் நர்ஸிங் கல்லூரியில் சேரப்போகிறவள். இப்போதே எலும்புகளின் பெயர்களை அட்டைகளில் எழுதி வீடு முழுக்க ஒட்டியிருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒட்டு நாடா, பச்சையில் சின்னச் சின்ன ஸ்ட்ராபெரி போட்டது.

"பஸ் ஓட்டறவகிட்ட தேதி கேக்காதே. கிழமையக் கேளு, சொல்றேன். செவ்வா."

"சாயங்காலத்துக்குள்ள தாக்கல் பண்ணியாகணும்மா."

"தெரியும். லைப்ரரில இன்னிக்கும் இலவசமாப் பண்ணித் தராங்களாம். காலை டிரிப் முடிச்சுட்டுப் போறேன். போதுமா?"

கோரின் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நிஜமாவே போறியா?"

"ஏன், நான் போனா உனக்கென்ன?"

"அம்மா... அதுக்கு முன்னாடி நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லு. பஸ்ஸுல ஐஸ் சுரண்டணும்."

இந்த வீட்டில் எந்தப் பேச்சும் இப்படித்தான் சாயங்காலத்துக்குப் போகும். சாயங்காலம் வந்தால் அடுத்த வாரத்துக்குப் போகும்.

ஒரு விஷயத்தை அவள் யோசித்திருக்கலாம். ஜனவரி முழுக்க 'வரிக்கணக்கு, வரிக்கணக்கு' என்று உயிரை எடுத்த பெண், பிப்ரவரி பிறந்ததும் வாயே திறக்கவில்லை. கல்லூரியின் உதவித்தொகைக்குப் போன வருஷ வரிக்கணக்கின் நகல் கட்டாயம் என்று அவள்தான் அழுதாள். மார்ச்சில் உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று கடிதத்தோடு குதித்ததும் அவள்தான். நகல் இல்லாமல் எப்படிக் கிடைத்தது என்று பெர்னடீன் கேட்கவில்லை. தலைவலி போயிற்றே என்று இருந்துவிட்டாள்.

ஏப்ரல் பாதியாகியும் ஏரியிலிருந்து பொடிப்பனி வந்துகொண்டுதான் இருந்தது. மஞ்சள் பள்ளி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு பன்னிரண்டாம் தெரு முனையைத் திரும்பினாள். அங்கே ஒரு வரிக்கணக்குக் கடையின் வாசலில், பச்சை அங்கியும் ரப்பர் கிரீடமும் மாட்டிய ஒரு தாடிக்காரன், சுதந்திர தேவி வேஷத்தில் விளம்பரப் பலகையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஜனவரியிலிருந்து தினமும் ஆட்டுகிறான். பஸ் பிள்ளைகள் எல்லாரும் கை காட்டுவார்கள்.

"மிஸ், நாளைக்கு அவர் வர மாட்டாரா?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"வர மாட்டாரு. நாளையிலேர்ந்து அவரும் மனுஷன்."

இந்த பஸ் வேலைதான் அவள் கல்யாணத்தை இன்னும் கட்டிக் காக்கிறது. வெண்டலுக்குச் சர்க்கரை வியாதி. கூரை போடும் வேலையில் அவனுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடையாது. பள்ளி நிர்வாகம் டிரைவர்களின் கணவன், மனைவிக்கும் சேர்த்துத் தரும். விவாகரத்து ஆனால் அவன் இன்சுலினுக்கு என்ன வழி? அதனால் காகிதத்தில் மட்டும் இருவரும் கணவன் மனைவி. அவன் போய்விட்டான், அவன் சர்க்கரை மட்டும் இவள் சம்பளத்தில் இருந்தது. டெப்போவில் மற்ற டிரைவர்கள் அவளைக் கேலி செய்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான்.

'சாகட்டும்னு விட முடியுமா?' என்று அவர்களிடம் கேட்பாள். முடியவில்லைதான். இன்றைக்கு மாலைவரை அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நூலகத்தின் அடித்தளத்தில் மடக்கு மேஜைகள் போட்டு, ஓய்வு பெற்றவர்கள் சிலர் இலவசமாக வரிக்கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெர்னடீனின் எண் வந்தபோது எதிரே இருந்தவரைப் பார்த்து அவளுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆஸ்ட்ரண்டர். பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

"பெர்னி! கடைசி நாள், கடைசி பெஞ்சு. அப்பவும் நீ வீட்டுக்கணக்க மணி அடிச்சப்புறம்தான் கொண்டு வருவே."

"இப்ப மணி அடிக்கலயே சார்."

"அடிக்கப் போகுது. சம்பளச் சான்று எடு."

ஜனவரியில் வந்த உறையை அப்படியே எடுத்து நீட்டினாள். அவர் திருப்பிப் பார்த்தார்.

"ஏற்கெனவே பிரிச்சு ஒட்டியிருக்கே?"

மூடிமேல் பச்சை நாடா. சின்னச் சின்ன ஸ்ட்ராபெரி.

பெர்னடீன் அந்த நாடாவை விரலால் தடவிப் பார்த்தாள். தபாலில் கிழிந்து வந்திருக்கும், பெண் பார்த்து ஒட்டி வைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

கணக்கு முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை மாதம் தூக்கத்தைத் தொலைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஆஸ்ட்ரண்டர் பொத்தானை அழுத்தி அனுப்பினார். "போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வா, ஏத்துக்கிட்டாங்களான்னு பாத்துடலாம்" என்றார்.

அவள் காப்பியோடு திரும்பி வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெர்னி, உக்காரு. திருப்பி அனுப்பிட்டாங்க. உன் நம்பர்ல இந்த வருஷத்துக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு தாக்கலாயிருக்கு."

"சொன்னேன்ல!" பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டாள். "அக்டோபர்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன்! ஒருத்தரும் நம்பல! பல் டாக்டர்கிட்டேர்ந்து திருடினவன்தான் சார்!"

உள்ளே ஒரு மூலையில் அவளுக்குத் திருப்தி. பயந்தது வீண் போகவில்லையே!

ஆஸ்ட்ரண்டர் அவள் அடங்கும்வரை காத்திருந்தார்.

"திருடன் பொதுவா உன் பேர்ல தனி ஆளாத்தான் போடுவான். இது அப்படி இல்ல. ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு குறியீடு இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்னா, உன் நம்பர மனைவிங்கற இடத்துல போட்டிருக்காங்க. யாரோ ஒருத்தர் உன்னைப் பொண்டாட்டின்னு காட்டி, ரெண்டு பேரும் சேர்ந்து தாக்கல் பண்ற மாதிரி பண்ணியிருக்காங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "வெண்டல் எங்கே இருக்கான் இப்போ?"

ஒட்டிய கன்னமும் இருட்டு அறையும் அந்த நிமிஷமே கலைந்துவிட்டன. மேஜைமேல் கிடந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டலிடம் வீட்டுச் சாவி கிடையாது. அவள் சம்பளச் சான்று அவனுக்கு எப்படிப் போகும்? ஸ்ட்ராபெரி நாடாவோடுதான் போயிருக்கும்.

"நான் எதுலயும் கையெழுத்துப் போடல சார்."

"அப்படின்னா இதுதான் வழி." ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "அடையாளத் திருட்டு வாக்குமூலம். என் சம்மதம் இல்லாம என் நம்பர உபயோகிச்சுட்டாங்கன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். இப்ப போட்ட கணக்கையும் அச்செடுத்துத் தரேன். ரெண்டையும் சேர்த்து இன்னிக்குத் தபால்ல போட்டுடு. அவங்க விசாரிப்பாங்க. யாரு பண்ணினாங்கங்கறது வெளிய வரும். அந்தப் பழைய கணக்கு செல்லாமப் போயிடும்."

"போடலன்னா?"

"போடலன்னா அதுதான் உன் கணக்கு. நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி. அதுல அவன் என்ன பொய் எழுதியிருந்தாலும் உன்னையும்தான் கேப்பாங்க." அவர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போயி போடு. ஆனா இன்னிக்கே போடு. நான் உன்னைத் தெரிஞ்சவன், அதனால சொல்றேன்."

மதியம் பிள்ளைகளை இறக்கிவிடும்போது இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

நாலே காலுக்கு வீட்டுக்கு வந்தாள். கோரின் சமையலறையில்தான் இருந்தாள். அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் உறையை மேஜைமேல், நாடா தெரியும்படி வைத்ததைப் பார்த்ததும், எழுந்து நின்றுவிட்டாள்.

"டேப்பு நல்லாருக்குடி. எங்க வாங்கின?"

"காலைல சொல்ல வந்தேன்மா."

"ஜனவரில பண்ணினத ஏப்ரல்ல காலைல சொல்ல வந்தியா?"

"பிப்ரவரி மூணாம் தேதி," என்றாள் கோரின். பொய் சொல்லத் தெரியாத பெண். "மார்ச் ஒண்ணாம் தேதிக்குள்ள நகல் குடுக்கணும்மா. இல்லன்னா உதவித்தொகை கிடையாது. உங்கிட்ட எத்தன தடவ கேட்டேன்? பதினோரு தடவ. காலண்டர்ல புள்ளி வெச்சிருக்கேன், வேணும்னா பாரு. பதினோரு தடவையும் அடுத்த வாரம், அடுத்த வாரம்."

"அதுக்கு அந்த மனுஷன்கிட்டப் போயி நிப்பியா?"

"வேற யார்கிட்ட நிப்பேன்? உன் சான்ற போட்டோ எடுத்துக் குடுத்தேன். அப்பாதான், ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினாதான் லாபம், எப்பவும் அப்படித்தானே பண்ணுவோம்னு சொன்னார்."

"என் கையெழுத்து?"

"கையெழுத்தெல்லாம் கிடையாதும்மா. அதுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல அஞ்சு எண்ணு அடிக்கணும், அவ்ளோதான். உனக்குப் பதிலா என்னை அடிக்கச் சொன்னார். அடிச்சேன்."

"என்ன எண்ணு?"

"நம்ம வீட்டுத் தபால் ஜிப் கோடு."

"நல்லவேளை. அவன் வீட்டுதப் போடாம விட்டியே, உனக்குப் பெரிய மனசு." பெர்னடீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "திரும்பி வந்த பணம்?"

"அப்பா அக்கவுண்டுக்குத்தான் வந்துச்சு. உனக்குப் பாதி தரேன்னார்."

"எப்போ?"

கோரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வாரம்னார்."

வேறு நாளாக இருந்தால் இதற்கு இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெர்னடீன் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, உறைமேல் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தாள். கோரின் தலைப்பைப் படித்தாள்.

"அம்மா, இதுல கையெழுத்துப் போட்டா அந்தக் கணக்கு பொய்னு ஆயிடும். பொய் நகல் குடுத்தேன்னு உதவித்தொகைய நிறுத்திடுவாங்க. சீட்டும் போயிடும்மா."

"போடலன்னா, நானே போட்டதா ஆயிடும்."

"ஒரு அஞ்சு எண்ணுதானேம்மா!"

"என் பேருடி அது!" மேஜையில் அறைந்த அறையில் பேனா உருண்டு கீழே விழுந்தது. "ஊர் உலகத்துல எவனோ திருடப் போறான்னு ஆறு மாசமா ராத்தூக்கம் இல்லாமக் கெடந்தேன். என் எதிர்லயே உக்காந்து சூப்பு குடிச்சிட்டிருந்தியே!"

கோரின் அழ ஆரம்பித்தாள். பெர்னடீனுக்கு எழுந்து போய் அணைத்துக்கொள்ளத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மீதே கோபம் வந்தது. அந்தப் பெட்டியைத் திறக்க ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தால் இந்தப் பெண் அவனிடம் போயிருக்கவே மாட்டாள். அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"அந்தக் கணக்கக் காட்டு. நான் என்னதான் கையெழுத்துப் போட்டிருக்கேன்னு நானும் பாக்கறேன்."

"வேணாம்மா."

"காட்டுடி."

கோரின் செல்போனை எடுக்கத் தயங்கிய தயக்கம், இதுவரை ஒப்புக்கொண்ட எதற்கும் இல்லாதது. பெர்னடீன் கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் செல்போன் கைக்கு வந்தது.

வெண்டல் பாவ்லக். மனைவி, பெர்னடீன் பாவ்லக். வீட்டு முகவரி இவளுடையதுதான். கீழே, இவர்களை நம்பி வாழ்பவர்கள் என்று ஒரு கட்டம். முதல் வரி: கோரின் பாவ்லக், உறவு: மகள்.

இரண்டாவது வரி என்று ஒன்று இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஜோசபின் பாவ்லக். உறவு: மகள்.

இரண்டு தடவை படித்தாள். தன் பெயரை ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் கீழே வந்தாள்.

"யாருடி இது?"

கோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிய அட்டைகளைப் பார்த்தாள்.

"குழந்தை பேர் இருந்தா இன்னும் நிறைய திரும்பி வரும்னார். அங்க, அவர்கூட இருக்கற டார்லாவுக்கு வருமானம் இல்ல. அதனால நம்ம கணக்குல..."

"எப்பப் பொறந்துது?"

"போன ஜூலைல."

பெர்னடீன் மேஜைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணினாள். வெண்டல் போனது பிப்ரவரியில். 'கொஞ்ச நாள் தனியா இருந்து யோசிக்கணும் பெர்னி' என்று வாசலில் நின்று கண் கலங்கினானே, அன்றைக்கே அந்தக் குழந்தை வயிற்றில் நாலு மாதம். அதற்கப்புறமும் மாதம் தவறாமல் அவன் இன்சுலினுக்கு இவள் சம்பளத்தில் பிடித்தார்கள். சாகட்டும்னு விட முடியுமா என்று இவள் டெப்போவில் பெருமை பேசினாள்.

"நீ பாத்திருக்கியா அத?"

கோரின் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"தூக்கியிருக்கியா?"

"ம்."

"யாரு ஜாடை?"

கோரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"என் ஜாடைதான்மா. எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும். அந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ரொட்டிப் பெட்டியை மூடி வைத்துக்கொண்டு இவள் ஒருத்திதான் திருடனுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வாய் மட்டும் கசந்தது, மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்ற மாதிரி. குனிந்து பேனாவை எடுத்தாள். படிவத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்தாள்.

"அம்மா, எங்க போற? கையெழுத்துப் போட்டுட்டியா?"

"தபாலாபீஸ் இன்னிக்கு ஆறு மணிவரைக்கும் திறந்திருக்கும். இப்ப மணி நாலே முக்கால்."

"அடுத்த வாரம் பேசிக்கலாம்மா, ப்ளீஸ்... அப்பாவ நான் கேக்கறேன்..."

"இந்த வீட்டுல இனிமே அடுத்த வாரம்னு ஒண்ணு கிடையாது." பெர்னடீன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். பொடிப்பனி உள்ளே வந்து தரையில் விழுந்தது. "கோட்டப் போடு. வழி காட்ட நீ வரணும்."

"யார் வீட்டுக்கும்மா?"

"சர்க்காருக்கு எழுதிக் குடுத்திருக்கேன்ல, எனக்கு ரெண்டு பொண்ணுன்னு? சின்னவள நான் இன்னும் பாக்கவே இல்லயே."